கேட்பவருக்கு விடை கூறும் இணையத்தளம்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

நாம் அண்மையில் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில், விற்பனைப் பதிவேட்டுக்கும் ரொக்கப் புத்தகத்துக்கும் இடையே 2,480 ரூபாய் வித்தியாசம் காணப்பட்டது. காரியதரிசியை வினவினோம். அவர் கூறிய வரலாறு வருமாறு:

வெளியூரிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்து, மகளின் திருமணத்திற்கென நான்கு புடவைகள் எடுத்தனர். மொத்த விலை 12,400 ரூபாய். பணம் கட்டும் வேளையில், "20 சதவீதக் கழிவு உண்டல்லவா?" என்று கேட்டனர். விற்பனையாளர் இல்லை என்றார். அவர்கள் தங்கள் கைபேசியை எடுத்துக் காட்டினர். அதிலுள்ள செயற்கை நுண்ணறிவு உதவியாளர், அச்சங்கத்தில் பொன்விழாக் கழிவு 20 சதவீதம் வழங்கப்படுகிறது என்று தெளிவான தமிழில் விடை அளித்திருந்தது. அவ்விடைக்கு ஆதாரமாகச் சங்கத்தின் இணையத்தளத்தையே சுட்டியும் இருந்தது.

பொன்விழா முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கழிவும் ஒரு மாதத்திற்கென்றே நிர்வாகக் குழுவால் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் இணையத்தளத்தில் அந்த அறிவிப்பு அப்படியே கிடந்தது. அதில் தொடக்கத் தேதியும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை. வந்தவர்களை வெறுங்கையுடன் அனுப்ப மனமில்லாமல் காரியதரிசி கழிவைக் கொடுத்துவிட்டார். தீர்மானம் இல்லாமல் கொடுத்த கழிவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விழித்தார்.

"யந்திரம் பொய் சொல்லிவிட்டது" என்று அவர் வருந்தினார். நாம் அவ்வாறு கருதவில்லை. யந்திரம் நம் பக்கத்தில் இருந்ததைப் படித்தது, இருந்தபடியே கூறியது. பழைய சுவரொட்டியைக் கிழிக்க மறந்தவர்கள் நாமே. 2,480 ரூபாய் என்பது ஒரு நெசவாளி தறிக்குழியில் பல நாள் அமர்ந்து ஈட்டும் கூலி. அது ஒரு பக்கத்தைத் திருத்தாமையால் போயிற்று. இதுபோன்ற இழப்பு ஏனைய சங்கங்களுக்கு நேராதிருக்கும் பொருட்டே இப்பாடத்தை எழுதலானோம்.

முன்பு வந்தவரும் இப்போது வருபவரும்

டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலை என்னும் திட்டத்தை முன்வைத்தார். 1991இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அன்று முதல் நெடுங்காலம் இணையத்தளத்திற்கு வந்தவர் மனிதரே. அவர் கண்ணால் பார்த்தார். படத்தைக் கண்டு மகிழ்ந்தார். ஐயம் வந்தால் தொலைபேசியில் கேட்டார். தேடுபொறியும் முகவரியைக் காட்டுவதோடு நின்றுகொண்டது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. இன்று ஒருவர் தம் கைபேசியிடம், "தங்கைக்கு முகூர்த்தப் புடவை வேண்டும், அரக்கு நிறம், 15,000 ரூபாய்க்குள், உண்மையான கைத்தறியாக இருக்க வேண்டும், எங்கே கிடைக்கும்?" என்று வீட்டில் பேசுவதுபோலவே கேட்கிறார். அவருக்காக ஒரு மென்பொருள் பல தளங்களைப் படித்து, ஒப்பிட்டு, விடையைத் தொகுத்துத் தருகிறது. கேட்டவர் நம் தளத்தைத் திறந்து பாராமலே முடிவு செய்துவிடக்கூடும். இவ்வாறு ஒருவர் சார்பாகச் சென்று விசாரித்து வரும் மென்பொருளையே செயற்கை நுண்ணறிவு முகவர், அதாவது ஏஜெண்டு, என்கிறார்கள்.

ஏஜெண்டு என்ற சொல் கூட்டுறவுக்காரர்களின் செவிக்கு இனியதன்று. நெசவாளிக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்று இருபுறமும் தின்ற தரகர்களை விலக்கவே நம் சங்கங்கள் தோன்றின. இப்புதிய முகவர் தறியைப் பார்த்ததில்லை, புடவையைத் தொட்டதில்லை. அதற்குத் தெரிந்தது எழுதி வைக்கப்பட்டதே. நாம் நம் சரக்கைப்பற்றித் தெளிவாக எழுதி வைக்காவிடில், விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று எழுதி வைத்திருக்கும் வியாபாரியின் பக்கத்திலிருந்து அது விடையை எடுத்துக்கொள்ளும். ஆகவே இது யந்திர நாகரிகத்தைப்பற்றிய வேடிக்கைப் பேச்சு அன்று. நம் அங்கத்தினரின் கூலியைப்பற்றிய பேச்சு.

யந்திரம் விடை காணும் விதம்

முகவர் விடை காணும் வழிகள் இரண்டு. முதல் வழியில், அது நம் பக்கத்தை முழுவதும் வாசித்து, வேண்டியதைத் தானே பொறுக்கிக்கொள்கிறது. இதில் பிழை நேர இடம் உண்டு. பழைய விலையும் புதிய விலையும் ஒரே பக்கத்தில் இருந்தால் எதை எடுக்கும் என்று சொல்ல இயலாது.

இரண்டாவது வழியில், நம் தளமே வினாவைப் பெற்று விடை அளிக்கும் ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது. சங்கத்தின் பொருள்கள் யாவும் முன்னதாகவே ஓர் அட்டவணையில் இருக்கும். ஒவ்வொரு பொருளின் விவரமும் நீண்ட எண் வரிசையாக மாற்றப்பட்டிருக்கும். பொருளால் நெருங்கிய சொற்றொடர்கள் எண்ணாலும் நெருங்கி நிற்கும்படி இம்மாற்றம் செய்யப்படுகிறது. ஆதலால் வாங்குபவர் "கல்யாணப் பட்டு" என்று கேட்டாலும், நாம் "முகூர்த்தப் புடவை" என்று எழுதியிருந்தாலும், இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. நெருங்கி வந்தவற்றுள் வினாவுக்குப் பொருந்துவன எவை என்று மொழி மாதிரி ஒன்று தரம் பிரிக்கிறது. பின்னர் விடை வெளியே போகிறது.

இவ்விரண்டாவது வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு, 2025 மே மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அறிவித்த 'என்.எல்.வெப்' என்னும் திறந்த மென்பொருள் திட்டம். இதனை வகுத்தவர் ஆர். வி. குஹா. இவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். இணையப் பக்கங்களில் பொருள் விவரங்களை ஒரே சீராகக் குறிக்க உதவும் 'ஸ்கீமா' சொற்றொகுதியையும் முன்பே உருவாக்கியவர். அச்சொற்றொகுதியைக் கூகுள், மைக்ரோசாப்ட், யாஹூ ஆகிய மூன்றும் போட்டியாளர்களாக இருந்தும் 2011இல் ஒன்றுசேர்ந்து வெளியிட்டன.

ஸ்கீமா என்பதை நம் அங்கத்தினர் எளிதில் அறிந்துகொள்ளலாம். எல்லாச் சங்கங்களும் ஐந்தொகையை ஒரே படிவத்தில் தயாரிப்பதால் அன்றோ, எந்த ஊர்த் தணிக்கையாளர் வந்தாலும் அதைப் படிக்க முடிகிறது? அவ்வாறே, இது பொருளின் பெயர், இது விலை, இது நாணயம், இது இருப்பில் உள்ளதா இல்லையா, இவ்விலை எந்தத் தேதி வரை செல்லும் என்று ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதும் ஒரே கலத்தை வகுத்துக்கொண்டதே ஸ்கீமா. மனிதர் பார்க்கும் பக்கத்தின் பின்னே இவ்விவரங்கள் யந்திரத்திற்காக எழுதப்பட்டிருக்கும்.

என்.எல்.வெப் முறையில் விடை அளிக்கும் வகைகள் மூன்று. பொருந்தும் பொருள்களைப் பட்டியலாக மட்டும் தருவது ஒன்று. பட்டியலோடு சுருக்கமும் தருவது மற்றொன்று. கிடைத்த விவரங்களைக்கொண்டு விடையைப் புதிதாக எழுதித் தருவது மூன்றாவது. முதல் வகையில், நம் அட்டவணையில் இல்லாத பொருள் விடையில் வராது. பொருந்தாத ஒன்று வரலாமேயன்றி, இல்லாத ஒன்று வராது. சொந்த வாக்கியத்தில் எழுதத் தொடங்கினால் யந்திரம் தவறி நடக்கவும் கூடும். ஆகையால் விலையும் கழிவும் கூறும் இடத்தில் பட்டியல் முறையே சங்கங்களுக்கு ஏற்றது என்பது நம் கருத்து.

இன்னொரு பெயரையும் வாசகர்கள் கேள்வியுறலாம். 2024 நவம்பரில் ஆன்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'எம்.சி.பி.' என்பது, முகவரும் தளமும் எவ்வாறு உரையாட வேண்டும் என்று வகுத்த ஒப்பந்த முறை. என்.எல்.வெப் நிறுவிய தளம் இம்முறையிலும் விடை கூறும்.

இவற்றை நிறுவுவதற்கு வல்லுநர் வேண்டும், செலவும் உண்டு. சிறிய சங்கம் அதனை உடனே செய்ய வேண்டுவதில்லை. ஆனால் முதல் வழிக்கும் இரண்டாவது வழிக்கும் பொதுவான அடிப்படை வேலை ஒன்று உண்டு. அதற்கு வேண்டுவது பொறுமையும் ஒழுங்குமே. இருப்புப் பதிவேட்டைச் சரியாக வைக்கும் சங்கம் இதையும் சரியாகச் செய்யும்.

சங்கம் செய்ய வேண்டிய ஆறு காரியங்கள்

1. வினாக்களைச் சேகரித்தல். விற்பனை நிலையத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். ஒரு மாத காலம், வந்தவர்களும் தொலைபேசியில் பேசியவர்களும் கேட்ட வினாக்களை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதுங்கள். "சாயம் போகுமா?", "ரவிக்கைத் துணி சேர்ந்ததா?", "ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?" என்பன போன்றவையே வரும். அவ்வினாக்களையும் அவற்றின் விடைகளையும் ஒரு பக்கத்தில் இடுங்கள். தலைவர் படத்தைவிட இப்பக்கமே விற்பனைக்கு உதவும்.

2. எழுத்தை எழுத்தாக இடுதல். பல சங்கங்கள் விலைப்பட்டியலைப் புகைப்படம் பிடித்துத் தளத்தில் ஒட்டிவிடுகின்றன. சில யந்திரங்கள் படத்தைப் படிக்கும். சில படிக்காமல் தாண்டிவிடும். படிப்பவையும் 3 என்பதை 8 என்று மயங்கலாம். வேறு சில தளங்களில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் இருக்கிறது. கண்ணுக்கு அது தமிழ். யந்திரத்திற்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு. உருமாறி வந்தால் மாற்றி எழுதவேண்டும்.

3. பொருள் விவரத்தை முழுமையாகத் தருதல். "அழகிய பட்டுப்புடவை, தரம் உயர்ந்தது" என்பதிலிருந்து யந்திரம் எதையும் அறியாது, மனிதரும் அறியார். பாவு நூல் எது, ஊடை நூல் எது, நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி தனியா சேர்ந்ததா, கரை கோர்வையா இல்லையா, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, எவ்வாறு துவைக்க வேண்டும் என்று எழுதுங்கள். 2004இல் தொடங்கிய சில்க் மார்க், 2006இல் தொடங்கிய கைத்தறி முத்திரை ஆகியவற்றைப் பெற்றிருந்தால் அதையும் கூறுங்கள். பெறாத முத்திரையைப் பெற்றதாக எழுதுவது மோசடி. யந்திரம் அதை ஆயிரம் பேருக்குச் சொல்லிவிடும்.

4. ஒவ்வொரு விலைக்கும் தேதியிடுதல். இது நெசவாளர் சங்கத்திற்கு மட்டுமன்றி, விவசாயிகளின் விற்பனைச் சங்கத்திற்கும் உயிர்நாடி. மஞ்சள் ஏலத்தை எண்ணிப் பாருங்கள். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. அன்றைய குறைந்த விலை வேறு, உயர்ந்த விலை வேறு. தேதியும் ரகமும் இல்லாமல் ஒரே ஓர் எண்ணை மட்டும் இட்டால், யந்திரம் அதை "இன்றைய விலை" என்று கூறிவிடும். அதை நம்பி ஒரு விவசாயி லாரி வாடகை பேசி மூட்டைகளை ஏற்றி வந்தால் அவருக்கு நேரும் நஷ்டத்தை யார் தருவார்? ரகம், அளவு குவிண்டாலா கிலோவா, ஏலத் தேதி, குறைந்த விலை, உயர்ந்த விலை ஆகிய ஐந்தும் எப்போதும் சேர்ந்தே வரவேண்டும்.

5. ஒரு செய்தியை ஓரிடத்தில் வைத்தல். சங்க வேலை நேரம் முகப்பில் ஒன்றாகவும் தொடர்புப் பக்கத்தில் வேறாகவும் இருந்தால், யந்திரம் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். காலாவதியான அறிவிப்புகளை நீக்குங்கள். வரலாற்றுக்காக வைத்துக்கொள்ள விரும்பினால் "முடிவுற்றது" என்ற சொல்லையும் முடிவுத் தேதியையும் அதன் தலையிலேயே எழுதுங்கள்.

6. மாதந்தோறும் சோதித்தல். குறிப்பேட்டிலுள்ள பத்து வினாக்களை இரண்டு மூன்று உதவியாளர்களிடம் கேட்டு, விடைகளைப் பதிவு செய்யுங்கள். பிழை கண்டால் அதன் வேர் பெரும்பாலும் நம் பக்கத்திலேயே இருக்கும். திருத்தியபின் மீண்டும் கேளுங்கள். புதிய விடை வரச் சில நாள் ஆகலாம்.

வெளியிடத் தகாதவை

கேட்பவருக்கெல்லாம் விடை கூறும் வாயிலைத் திறக்குமுன், எதைக் கூறக்கூடாது என்று முடிவு செய்வது இன்றியமையாதது. அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடன் நிலுவை, கூலிப் பட்டுவாடா விவரம் ஆகியவை பொதுத் தளத்தில் இருத்தல் கூடாது.

"ரோபாட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டோம்" என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். 1994இல் ஏற்பட்டு, 2022இல் முறையான இணையத் தரமாக எழுதப்பட்ட அக்கோப்பு, இப்பகுதிக்கு வரவேண்டாம் என்று யந்திரங்களுக்கு விடுக்கும் வேண்டுகோளே ஆகும். மரியாதை உள்ளவை கேட்கும், மற்றவை கேளா. அது வாசலில் தொங்கும் பலகை, பூட்டு அன்று. மறைவாக இருக்கவேண்டியது தளத்திலேயே இருத்தல் கூடாது, அல்லது கடவுச்சொல்லின் பின்னே இருத்தல் வேண்டும்.

மற்றொன்று: முகவர் விலை கேட்பதோடு நில்லாமல் கொள்முதல் ஆணையும் இடும் காலம் வந்துகொண்டிருக்கிறது. ஆணையை யந்திரம் பெறலாம். ஏற்பது பொறுப்புள்ள ஓர் ஊழியராக இருக்கட்டும். தறியில் பாவு ஏற்றுமுன் மனிதர் ஒருவர் படித்துப் பார்ப்பது நலம்.

பொறுப்பு யாருடையது?

"யந்திரம் சொன்னதற்குச் சங்கம் எப்படிப் பொறுப்பாகும்?" என்று நிர்வாகக் குழுவினர் ஒருவர் நம்மைக் கேட்டார். கனடாவில் நடந்த வழக்கு ஒன்று இதற்கு ஒளி தருகிறது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் தளத்திலிருந்த உரையாடல் யந்திரம், பாட்டியை இழந்த ஒரு பயணியிடம், துக்கத்திற்கான சலுகைக் கட்டணத்தைப் பயணச்சீட்டு வாங்கிய 90 நாட்களுக்குள் பின்னர் விண்ணப்பித்துப் பெறலாம் என்று கூறியது. நிறுவனத்தின் விதி அதற்கு மாறானது. பயணி கேட்டபோது நிறுவனம் மறுத்தது. அந்த யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்றுகூட வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சிவில் தீர்வு மன்றம் 2024 பிப்ரவரியில் அவ்வாதத்தைத் தள்ளியது. தன் தளத்திலுள்ள எல்லாச் செய்திக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு வழங்கச் செய்தது.

அத்தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் நியாயம் எங்கும் ஒன்றே. நம் தளத்தில் நாம் நிறுவிய யந்திரம் பேசினால் அது நாம் பேசியதே. பிறருடைய உதவியாளர் நம் பக்கத்தைத் தவறாகப் படித்தால் அது வேறு. நம் பக்கமே தவறாக இருந்தால் அக்குறை நம்முடையது. ஆதலின் பக்கத்தைத் திருத்தும் பொறுப்பை ஓர் ஊழியரின் பெயரில் தீர்மானம் செய்து ஒப்படையுங்கள். எல்லோருடைய வேலை என்றால் அது ஒருவருடைய வேலையும் ஆகாது.

முடிவுரை

மேற்கூறிய சங்கத்தின் நிர்வாகக் குழு 2,480 ரூபாயை வியாபார நஷ்டமாக ஏற்றுத் தீர்மானம் இயற்றியது. மகாசபையில் ஒரு முதிய நெசவாளி எழுந்து, "பிசகான பாவைத் தறியில் ஏற்றிவிட்டு, நெய்தவனைக் குறை சொல்லலாமா?" என்று கேட்டாராம். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. அங்கத்தினர் ஒருவரின் மகள், கல்லூரியில் படிப்பவர், விடுமுறையில் வந்து நாற்பது புடவைகளின் விவரங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து நாம் மீண்டும் ஆய்வுக்குச் சென்றபோது, காரியதரிசியின் மேசைமீதே கைபேசியை வைத்துக் கழிவைப்பற்றிக் கேட்டோம். பொன்விழாக் கழிவு முடிவுற்ற தேதியைக் கூறி, இப்போது கழிவு இல்லை என்று விடை வந்தது. புடவைகளைப்பற்றிக் கேட்ட ஐந்து வினாக்களுக்கும் விடை சரியாக இருந்தது. ஞாயிறு விடுமுறை என்பதை மட்டும் தவறாகக் கூறியது. தேடிப் பார்த்ததில் தொடர்புப் பக்கத்தில் பழைய வேலை நேரம் இருந்தது. காரியதரிசி அப்போதே அதைத் திருத்தினார்.

கல்வி வட்டத்திற்கான வினாக்கள்

1. உங்கள் சங்கத்தின் இணையத்தளத்தில் தேதியில்லாத அறிவிப்புகள் எத்தனை உள்ளன? எண்ணி எழுதுக.

2. உங்கள் சங்கம் அதிகமாக விற்கும் ஒரு பொருளை, அதைப் பார்த்திராத ஒருவர் நம்பி வாங்கும் வண்ணம் பத்து வரிகளில் விவரிக்க.

3. விடையைப் பட்டியலாகத் தருவதற்கும் புதிதாக எழுதித் தருவதற்கும் உள்ள வேறுபாடு யாது? விலை கூற எது ஏற்றது? ஏன்?

4. ரோபாட்ஸ் கோப்பு ஏன் பூட்டு ஆகாது?

5. தளத்தைத் திருத்தும் பொறுப்பு உங்கள் சங்கத்தில் யாரிடம் உள்ளது? தீர்மான எண்ணுடன் குறிப்பிடுக. தீர்மானம் இல்லையெனில், அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டிய தீர்மானத்தை எழுதுக.